மைக் என்றொரு ஆள்

செனாய்
3 மார்ச் 2024

அன்புள்ள வேணி அக்காவுக்கு,

தனம் எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தானும் ரூபினியும் சுகமாக இருக்கவேண்டும். உனக்கு இனிப்பு நீர் இறங்கியதா? காப்பியில் சீனியை நிறுத்தினாயா, இல்லை அத்தான் அந்தப் பக்கம் போனதும் போட்டுக்கொள்கிறாயா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேச முடியாது அக்கா. உன் போனை அத்தான்தான் எடுக்கிறார், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போடுகிறார். வாட்ஸ்அப்பும் வேண்டாம். ஹாஸ்டலில் என் எதிர்க் கட்டில் பெண் ஒரு வாய்ஸ் மெசேஜில் யாரையோ திட்டியிருக்கிறாள். மறுநாள் ரெஹாட் இடைவேளையில் ஆபீஸ் ஆட்கள் அதை அவள் முன்னாலேயே போட்டுக் காட்டினார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பதிலை ஹாஸ்டல் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ரம்லா அக்கா விலாசத்துக்குப் போடு. அவர் பிரிக்க மாட்டார்.

பேக்டரியில் எங்கள் லைனில் வெள்ளையம்மாக்கா என்று ஒருவர். சாஆ எஸ்டேட்டில் பிறந்தவர், என்னைவிட மூத்தவர், வாய் ஓயாது. போன செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் நம்பர் மோல்டிங் மெஷின் அவர் கையைப் பிடித்துவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. பக்கத்து மெஷினில் நான் நின்றேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

மைக் வந்து பார்த்தான். "நிக்காதீங்க லா, வேலையைப் பாருங்க" என்றான். அவ்வளவுதான். அவன் பெயரை எழுத மாட்டேன். லைனில் எல்லோரும் மைக் என்றுதான் சொல்வோம், நீயும் அப்படியே தெரிந்துகொள்.

யூனியன் இருக்கிறதே என்பாய். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அந்த யூனியன்தானே? பஸ் தாமதம், கேன்டீன் சோற்றில் புழு, கழிவறைக்குப் போக அனுமதிச் சீட்டு என்று எதைச் சொன்னாலும் "பேசிட்டோம், பேசிட்டோம்". யார் புகார் சொன்னார்கள் என்பது மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குள் மேனேஜருக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது அக்கா. இப்போது எரிச்சல் இல்லை, பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

உன் தங்கை,
தனம்


லாபிஸ்
16 மார்ச் 2024

என் தங்கம் தனத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். சீனியைப் பற்றி நீ பேசாதே.

அந்த அம்மாவின் கையை நினைத்து எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. அந்த மைக் வெள்ளைக்காரனா, சீனனா? நம் பாஷை தெரியாத மேனேஜருக்கு நம் ஆட்கள்மேல் இரக்கம் எங்கேயிருந்து வரும்? நீ வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு உனக்கு அந்த வேலையும் அந்தக் கட்டிலும்தானே இருக்கிறது.

ஒரு நல்ல சேதி. ரூபினிக்கு வரன் வந்திருக்கிறது. பையன் இன்ஜினியராம், ஸ்கூடாய் பக்கம் வீடு. தகப்பனார் செல்வாக்கான ஆள். பேரைக் கேட்காதே. முன்னே வந்த இரண்டு சம்பந்தமும் நான் ஊரெல்லாம் சொல்லித்தானே கண் பட்டுக் கலைந்தது! தட்டு மாற்றும்வரை என் வாயிலிருந்து ஒரு பேர் வராது. உன்னிடம்கூட.

சிகாமட்டில் ரூபினி வேலை பார்த்த கிளினிக்கை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்து கண்ணாடி பார்க்கிறாள். பையன் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
அம்சவேணி


செனாய்
30 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரூபினிக்கு வரன் என்றதும் ரம்லா அக்கா கடையிலேயே நின்று சிரித்தேன். குழந்தை நன்றாக இருக்கட்டும். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, தூக்கம்தான் இல்லை.

மைக்கை வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டாயே! மைக் என்றால் மேடையில் பேசும் மைக் அக்கா. எங்கள் யூனியன் செயலாளர். கையில் அதைப் பிடித்தால் கீழே வைக்க மாட்டான், அதனால் அந்தப் பேர். நம் ஆள்தான். நம் பாஷைதான். என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுகிறான்.

நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் வைத்திருக்க முடியவில்லை. மெஷினில் ஒரு கதவு இருக்கிறது. கதவு திறந்திருந்தால் அச்சு மூடாது, அதற்கு ஒரு சென்சர். அந்த சென்சரில் டேப் ஒட்டிவிட்டால் கதவு மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். திறந்து மூடும் நேரம் மிச்சம், பொருள் அதிகம் வரும். வெள்ளையம்மாக்கா கை போன அன்று காலையில் எங்கள் சூப்பர்வைசர் கறுப்பு டேப்பை ஒட்டினான். மைக் பக்கத்தில் நின்று, "சீக்கிரம் ஒட்டு, இன்னிக்கு டார்கெட் ஏறணும்" என்றான். தொழிலாளிக்குப் பேச வேண்டியவன்! நான் பார்த்துக்கொண்டு நிற்பதை அவனும் கவனித்துவிட்டான்.

இப்போது வெள்ளையம்மாக்காவே டேப்பை ஒட்டிக்கொண்டார் என்று கம்பெனி சொல்கிறது. விசாரணை வைத்து வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள். அவருக்காக அங்கே பேசப்போகிற யூனியன் ஆள் யார் தெரியுமா? மைக்.

நேற்று கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே, "தங்கச்சி, விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவாங்க. நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, சரியா? யூனியன் உன் பக்கம் இருக்கு" என்றான். மிச்ச அப்பளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். சோற்றைக் கொட்டிவிட்டேன்.

வெள்ளையம்மாக்காவைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டு, "உனக்குத் தொல்லைன்னா வேணாம்டி. ஆனா நான் ஒட்டலன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். என்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

நான் என்ன செய்ய? எழுது.

தனம்


லாபிஸ்
14 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்தேன், உன்னை நினைத்துக்கொண்டேன்.

இனி நீ பயப்படாதே. அக்கா ஒரு காரியம் செய்திருக்கிறேன். முந்தாநாள் தட்டு மாற்றியாகிவிட்டது! நெருங்கிய சொந்தம் மட்டும்தான், உனக்கு லீவு கிடைக்காது என்று சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சம்பந்தி வந்த கையோடு வீட்டு ஆள் மாதிரி பேசினார். அவர் யூனியனில் பெரிய பதவியில் இருக்கிறாராம். எனக்கு அப்போதுதான் தெரியும். யூனியன்காரனை யூனியன்காரர்தானே கேட்க முடியும்? அத்தான் பந்திக்கு இலை போடும் நேரத்தில், நான் சம்பந்தியிடம் உன் கதை முழுக்கச் சொல்லிவிட்டேன். டேப், அப்பளம், ஒன்றுவிடாமல். மைக் என்று ஒருத்தன் என் தங்கையை மிரட்டுகிறான் என்றேன்.

அவர் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டு, "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். சொன்னேன். "அட, நம்ம இடந்தான் சம்பந்தி! நான் பார்த்துக்கிறேன், நீங்க கவலையை விடுங்க" என்றார். பார்த்தாயா, முருகன் எப்படி ஆளை அனுப்புகிறான்! அவரே உன்னை வந்து பார்ப்பார். பேரை நேரிலேயே தெரிந்துகொள், சந்தோஷமாக இருக்கும்.

நிம்மதியாகத் தூங்கு.

உன் அக்கா


செனாய்
18 ஏப்ரல் 2024

அக்கா,

அவர் வந்தார்.

ரெஹாட் மணி அடித்ததும் என் மெஷினுக்கே வந்தார். கையில் உங்கள் வீட்டுத் தட்டிலிருந்து எடுத்த லட்டுப் பொட்டலம். "எடுத்துக்குங்க சம்பந்தி. வேணி அக்கா உங்களப்பத்தி நிறைய சொன்னாங்க. மைக்னு எழுதுனீங்களாமே? நல்லாத்தான் இருக்கு பேரு" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. சம்பந்தி என்றார். பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் நின்று, "சின்னம்மா" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள்.

புரிகிறதா அக்கா? மைக்தான் ஹேமநாதன். ஹேமநாதன்தான் உன் சம்பந்தி. டேப் ஒட்டிய எங்கள் சூப்பர்வைசர், அவர் மகன் யுகேந்திரன்தான் நீ இன்ஜினியர் என்று எழுதிய மாப்பிள்ளை.

உன்னைக் குறை சொல்லமாட்டேன். நான் பயந்துகொண்டு பேரை எழுதவில்லை. நீ கண் பட்டுவிடும் என்று பேரை எழுதவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டோம்.

நான் விசாரணையில் உண்மையைச் சொன்னால் யுகேந்திரனுக்கு வேலை போகும், போலீஸ்வரைக்கும் போகலாம். ரூபினி கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் வெள்ளையம்மாக்கா தெருவில் நிற்பார். நீ சொல் அக்கா. சொல்லு என்றாலும் சரி, சொல்லாதே என்றாலும் சரி. ஒரு வார்த்தை எழுது.

லட்டு இன்னும் லாக்கரில் இருக்கிறது. தொடவில்லை.

தனம்


லாபிஸ்
2 ஜூன் 2024

தனத்துக்கு,

நலம். நீயும் நலமாக இரு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வீட்டில் வேலை. இங்கே நல்ல வெயில். எனக்கு இனிப்பு நீர் கூடியிருக்கிறது, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அத்தான் மண்டபம் பார்த்துவிட்டார். ரூபினி சேலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உனக்கு எல்லாம் தெரியும். நீ நல்லவள்.

அக்கா


செனாய்
21 ஜூலை 2024

அக்காவுக்கு,

நலம். உன் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

விசாரணை முடிந்துவிட்டது. குளிர்சாதன அறை, நீள மேஜை. வெள்ளையம்மாக்கா ஒரு பக்கம், அவருக்காகப் பேச அவர் அருகிலேயே ஹேமநாதன். என்னைக் கேட்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, எதையும் பார்க்கவில்லை என்றேன். சொல்லி முடித்ததும் ஹேமநாதன் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். குடித்துவிட்டேனே அக்கா, சீ!

வெள்ளையம்மாக்கா என்னைத் திட்டவில்லை. வெளியே வந்து, செருப்பு வாரை ஒற்றைக் கையால் மாட்ட முடியாமல் குனிந்து நின்றார். நான் போய் மாட்டிவிட்டேன். அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

கேள், விசாரணைக்கு முன்னால் டேப்பை உரித்தார்கள். மறு வாரமே திரும்ப ஒட்டிவிட்டார்கள். இப்போது வெள்ளை டேப், கதவு நிறத்திலேயே இருக்கிறது, கிட்டப் போனால்தான் தெரியும். லைனில் ஒவ்வொருத்தியும் ஒன்பதாம் நம்பரில் நிற்கமாட்டேன் என்கிறாள். ஒப்பந்தத்தில் வந்த நேபாளிப் பெண்கள்கூட முடியாது என்றுவிட்டார்கள். மேனேஜர் ஹேமநாதனைப் பிடித்துக் கத்துகிறார்.

எனக்குப் பசி இல்லை. மற்றபடி சுகம்.

தனம்


லாபிஸ்
26 ஆகஸ்ட் 2024

என் கண்ணான தங்கைக்கு,

உன் மனசு யாருக்கு வரும்! நீ செய்ததை இந்த வீடு மறக்காது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

உனக்குத் துணைக்கு ஆள் வருகிறது. ரூபினிக்குச் சம்பந்தி உங்கள் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்துவிட்டார்! கல்யாணம் வரைக்கும் வீட்டில் ஏன் சும்மா இருக்கவேண்டும் என்றார். பிறகு ஆபீஸுக்கு மாற்றிவிடுவாராம். முதலில் கொஞ்ச நாள் அந்த ஒன்பதாம் நம்பர்தான். "என் மருமகளே நிக்கிறா, அப்புறம் யாருக்கு என்ன பயம்?" என்று எல்லோருக்கும் காட்டவேண்டுமாம். நான் டேப்பைப் பற்றிக் கேட்டேன் தனம், கேட்காமல் இல்லை. எல்லாம் எடுத்தாயிற்று என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். மாப்பிள்ளையும், "கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது அத்தை" என்றார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வருவாள். பக்கத்து மெஷினில் நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறேன்.

அக்கா


செனாய்
2 செப்டம்பர் 2024, திங்கட்கிழமை மாலை

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமைதான் ரம்லா அக்கா கையிலிருந்து கிடைத்தது. அந்த நிமிடமே போன் செய்தேன். அத்தான் எடுத்தார். வெள்ளை டேப் இன்னும் இருக்கிறது, அவளை அனுப்பாதீர்கள் என்று கத்தினேன். "கல்யாண வீட்டுல அபசகுனமா பேசாத தனம்" என்று வைத்துவிட்டார். பிறகு யாரும் எடுக்கவில்லை. ரூபினி போனும் ஆஃப் ஆகிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன்.

இன்று காலை புதுச் சட்டையில் உள்ளே வந்தாள். "சின்னம்மா!" என்று கையை ஆட்டினாள். கையில் மருதாணி.

ஹேமநாதன் மைக்கோடு நின்றார். லைன் முழுக்கக் கூட்டிவைத்திருந்தார். "இது யாரு தெரியுமா? என் வீட்டுக்கு வரப்போற மருமக!" என்று ஆரம்பித்தார். யுகேந்திரன் பக்கத்தில் நின்று சிரித்தான். அவன் கெட்டவனே இல்லை அக்கா, அதுதான் எனக்கு அதிகப் பயம். அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் ஆகாது என்று நினைப்பு.

ரூபினி மெஷின் முன்னால் போய் நின்றாள். நான் என் மெஷின் முன்னாலேயே நின்றேன். விசாரணை அறையில் ஒட்டிக்கொண்ட நாக்கு இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள், அந்த மருதாணிக் கையை விளிம்பில் வைத்து.

அப்போதுதான் ஓடினேன். அவளைத் தோளால் தள்ளினேன், விழுந்துவிட்டாள். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, கட்டையைத் திறந்த கதவுக்குள் விட்டேன். பொத்தானை அமுக்கினேன். கதவு ஆவென்று திறந்திருக்கிறது, அச்சு வந்து மூடியது. கட்டை படாரென்று ஒடிந்து ஒரு துண்டு ரூபினி மடியில் போய் விழுந்தது.

ஹேமநாதன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை, இழுத்துத்தான் வாங்கினேன். "யுகேந்திரன் ஒட்டுனது! ஹேமநாதன் ஒட்டச் சொன்னாரு! வெள்ளையம்மா ஒட்டல! நான் பார்த்தேன், பார்த்துட்டுப் பொய் சொன்னேன்!" என்று கத்தினேன். என் குரல் அந்தக் கூரை முழுக்கக் கேட்டது. எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

நேபாளிப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒடிந்த கட்டை தெரியுமே. முதலில் அவர்கள்தான் தங்கள் மெஷினை நிறுத்தினார்கள். பிறகு எல்லாம் நின்றது.

என்னைக் கம்பெனி வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். ஹாஸ்டல் கட்டிலும் போயிற்று. வெள்ளையம்மாக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். "உள்ள வா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். நாளை தொழிலாளர் இலாகாவுக்குப் போய் இரண்டு பேரும் புகார் எழுதிக் கொடுக்கப்போகிறோம். ஹேமநாதன் ஆட்கள் இரண்டு தடவை மோட்டார்சைக்கிளில் தெருவைச் சுற்றிவிட்டுப் போனார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

உன் மகள் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் அக்கா. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தனலெட்சுமி


லாபிஸ்
20 செப்டம்பர் 2024

தனம்,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பிரிக்காமல் அரிசி டின்னுக்குமேல் வைத்திருந்தேன். உன்னைத் திட்டாத திட்டில்லை. நீ ராசியில்லாதவள் என்றுகூடச் சொல்லிவிட்டேன், அத்தான் காதுபடவே. அதை உன்னிடம் சொல்லிவிடவேண்டும்.

ரூபினி அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டாள். கைப்பையில் அந்த ஒடிந்த கட்டைத் துண்டு இருந்தது. சம்பந்தி வீட்டார் சமாதானம் பேச வந்தபோது, அவர்கள் கொடுத்த தட்டில் அதை வைத்து, அவளே கொண்டுபோய்ப் பையன் முன்னால் வைத்தாள். "இது என் கையா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள். அவன், "நீ கவனமா இருந்திருப்பே" என்றான் தனம். அப்படித்தான் சொன்னான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போகும்போது ஹேமநாதன் வாசலில் திரும்பி, "நம்ம ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்கம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீ எழுதிய பயம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. இப்போது பின்கதவுக்கும் பூட்டுப் போடுகிறேன்.

நேற்று மதியம் ரூபினி கூடத்தில் படுத்துத் தூங்கினாள். மருதாணி பாதி அழிந்துபோயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பிறந்த அன்று மருத்துவமனையில் செய்த மாதிரி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினேன். எண்ணி முடித்துவிட்டு அழுதேன். பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

வெள்ளையம்மாவையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. அவர் கையை நான் பார்க்கவேண்டும். பஸ் ஏறும்போது போன் செய். நானே எடுக்கிறேன்.

அக்கா